ராமேஸ்வரம் தீவு: மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வந்தால் போதுமா?

2025 மே 18

திருப்பரங்குன்றத்துத் தம்பி ஒருவர் கேட்டது, அப்படியே போடுகிறேன்:

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 3 மணிக்கு வேன். கோயில், 22 தீர்த்தம், ராமர் பாதம், வில்லூண்டி, கலாம் நினைவிடம், கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, பாம்பன் பாலம், திரும்பும்போது அரியமான் கடற்கரை, அப்படியே தேவிபட்டினம். ராத்திரி 11 மணிக்கு வீடு. அம்மா அப்பா, ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட பத்துப் பேர். முடியும்தானே? எங்க மச்சான் வேற, தீவுன்னா அந்தமான் மாதிரி போகணும், இங்க கோயிலை விட்டா மணல்மேடுதான்னு சொல்றாரு."

முடியும் தம்பி. பத்து இடத்திலும் இறங்கி ஏறிவிடலாம். ஆனால் மறுநாள் காலையில் பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வேனைத்தான் சொல்லும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் வழியாகப் போனால் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. தீவுக்குள் நுழைந்த பிறகும் பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் 12 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை 20 கிலோமீட்டர் வாக்கில். இவ்வளவும் போக மிஞ்சுவதைப் பத்தாகப் பிரித்தால் ஒரு இடத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வரும். அதில் கோயிலே மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

2019ல் நாங்கள் மதுரையில் ஒரு சுற்றுலா வேனில் பணம் கட்டிப் போனோம். ஒன்பது இடம் என்று அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒன்பதையும் காட்டினார்கள், குறை சொல்ல முடியாது. அரிச்சல்முனையில் கிடைத்தது 20 நிமிடம். என் மகள் செருப்பைக் கழற்றி மணலில் கால் வைத்ததும் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது. அந்த ஹாரனை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அதனால்தான் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்.

மச்சானுக்கு ஒன்று. முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது வண்டியை நிறுத்தி இறங்கச் சொல்லுங்கள். இடது கைப்பக்கம் பாக் விரிகுடா, வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. இந்த மே மாதத்தில் வலப்பக்கம் அலை நெஞ்சுயரத்துக்கு எழும்பி அடிக்கும், இடப்பக்கம் கண்மாய்த் தண்ணீர் மாதிரி கிடக்கும். நடுவில் ஒரு சாலை. வலப்பக்கத்தை ஆண்கடல் என்றும் இடப்பக்கத்தைப் பெண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்த்த பிறகு மணல்மேடு என்று சொல்ல அவருக்கு மனம் வருகிறதா என்று கேளுங்கள்.

பாம்பன் பாலத்தைப் பகலில் பாருங்கள். 1964 புயலில் ரயிலோடு போன பழைய பாலம் பக்கத்திலேயே நிற்கிறது.


2025 மே 19

மேலே ஒரு தவறு செய்துவிட்டேன். ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் எடுத்துச் சொன்னார், அவர் சொன்னதுதான் சரி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்துச் செல்லப்பட்ட ரயில் பாலத்தின் மேல் இருக்கவில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் அது. தனுஷ்கோடி நிலையத்தைத் தொடக் கொஞ்ச தூரமே இருந்தபோது பேரலை வந்து கொண்டுபோய்விட்டது. வண்டியில் இருந்த நூறு பேருக்கு மேல் ஒருவரும் பிழைக்கவில்லை. அதே புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. இரண்டும் ஒரே இரவில் நடந்ததால் பலரும் சேர்த்தே சொல்கிறோம், நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாலத்தை 46 நாளில் திரும்ப ஓட வைத்தார்கள். அந்த வேலையைப் பார்த்த இளம் பொறியாளர் ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கன் ரயில்பாதையும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர். தனுஷ்கோடி ஊரைத்தான் திரும்பக் கட்டவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.


2025 மே 19, இரவு

மீன் சாப்பாடு எங்கே என்று கேட்டவருக்கு: ஜூன் 14 வரை தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு போகும், அதனால் மீன் அடியோடு இல்லாமல் போகாது, விலைதான் கூடும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சைவம்தான். மீன் வேண்டுமென்றால் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சாப்பிடுங்கள், அல்லது தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளில் பொரித்துத் தருவார்கள். விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.


2025 மே 25

"உங்களுக்கு அந்த ஊர்மேல் என்ன இவ்வளவு பிரியம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் பாம்பன்காரர். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் நாட்டுப்படகு வாங்கிக்கொண்டார். நாங்கள் அவரைப் பெரியப்பா என்போம். 1993 முழுப்பரீட்சை லீவில் அப்பா என்னையும் தம்பியையும் அங்கே கூட்டிப்போனார். அப்போது மீட்டர்கேஜ் வண்டி. மண்டபம் தாண்டியதும் வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கீழே பார்த்தால் பாலமே தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. தம்பி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. காற்று முகத்தில் உப்பாக ஒட்டியது நினைவிருக்கிறது.

அன்றைக்குத் தனுஷ்கோடிக்குச் சாலை கிடையாது. தார்ச்சாலை 2017ல்தான் வந்தது. அதற்கு முன்பு ஜீப்பும் வேனும் ஈரமணலில், சில இடத்தில் தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் போகும். பெரியப்பாவும் எங்களோடு வந்தார். சர்ச் சுவர் நின்றது, ரயில் நிலையத்தின் மிச்சம் நின்றது. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து இன்னொரு ரயிலில் கொழும்பு போகலாம், ஒரே டிக்கெட்தான் என்றார் பெரியப்பா. மதுரைச் சந்திப்பில் கொழும்புக்கு டிக்கெட் எடுத்தார்களா என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எனக்குத் தாகம் எடுத்தது. சுற்றிலும் கடல். ஒரு பாட்டி சிரட்டையால் மணலைத் தோண்டினாள், முழங்கை ஆழம் இருக்கும். தண்ணீர் ஊறியது. தெளியவிட்டு எடுத்துக் கொடுத்தாள், இனித்தது. கடல் பத்திருபது எட்டில் இருக்கிறது, தண்ணீர் இனிக்கிறது! பெரியப்பா காரணம் சொன்னார்: "மழைத்தண்ணி எடை கம்மித்தா, உப்புத்தண்ணி எடை கூட. மணலுக்குள்ள மேல மழைத்தண்ணி மிதக்குது. ரொம்பத் தோண்டுனா உப்பு வந்துடும். ஆசைப்படாமத் தோண்டணும்." எடை என்று அவர் சொன்னதை அடர்த்தி என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் கதையோடு சேர்த்து. (நான் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன்.) வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள் இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதை இதை மனதில் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ராமர் வில் ஊன்றிய கதையையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இரண்டையும் கேட்டுக்கொள்ளும் வயதுதான் அது.

காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தது அத்தனையும் பெரியப்பா சொன்னதுதான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், அதாவது மேயிலிருந்து செப்டம்பர் வரை, தெற்குக் கடல் கலங்கும், வடக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை கிளம்பினால் அப்படியே மாறும்: பாக் விரிகுடா கொந்தளிக்கும், மன்னார் பக்கம் அமைதியாகிவிடும். சின்னப் படகுக்காரர்களில் பலர் அதற்கேற்ப இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாறிக்கொள்வார்கள். நான் சுற்றுலாத் திட்டம் போடுவதும் இதை வைத்துத்தான். எந்த மாதம் போகிறீர்கள் என்று தெரிந்தால் எந்தக் கரையில் பிள்ளைகளை விடலாம் என்று சொல்லிவிடலாம்.

அரிச்சல்முனையில் மட்டும் எந்த மாதமும் கடலில் இறங்க விடாதீர்கள். இரண்டு பக்கத்து நீரோட்டமும் அங்கே முட்டுகிறது, காலடி மணலையே இழுத்துக்கொண்டு போகும். எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு இறங்குகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது.


2025 மே 26

அந்த முனையில் வங்கக் கடலும் இந்தியப் பெருங்கடலும் கலக்கிறது என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் சேர்கிற இடம் என்பதுதான் நேரான பதில். அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அதாவது மதுரையிலிருந்து மேலூர் தூரம்! நடுவில் இருக்கும் மணல் திட்டுகள்தான் ராமர் பாலம், ஆதாம் பாலம் என்றெல்லாம் சொல்லப்படுவது.


2025 ஜூன் 8

நல்ல செய்தி. தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள், 500 ஹெக்டேருக்கு மேல். கோதண்டராமர் கோயில் போகும் வழியில் இரண்டு பக்கமும் கிடக்கும் ஆழமில்லாத தண்ணீர்தான் அவற்றின் இடம். குளிர்காலத்தில் வரும், ஜனவரி பிப்ரவரியில் பார்ப்பது நல்லது. வேனில் வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், தண்ணீர்ப் பக்கம் திரும்புவதே இல்லை. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். உப்பளமோ என்று தோன்றும். அந்தக் கோடு எழுந்து பறக்கும்போதுதான் இறக்கைக்குள் இருக்கும் சிவப்பு தெரியும். படம் எடுக்க வேண்டும் என்று கைதட்டி விரட்டாதீர்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து இரை தேடி வந்த பறவைகள்.

கோதண்டராமர் கோயில் 1964 புயலில் தப்பி நின்ற கோயில். விபீஷணன் அடைக்கலம் கேட்டு வந்த இடம் என்பார்கள்.


2025 ஜூன் 15

கோயிலுக்கு வருவோம். தம்பி, நீங்கள் முதியவர்களோடு போகிறீர்கள், அதனால் நேரம் முக்கியம். மதியம் 1 மணிக்கு நடை சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள். மதுரையிலிருந்து 3 மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குள் அங்கே இருப்பீர்கள், அது சரியான நேரம். அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல் முதலில், அப்புறம் உள்ளே 22 கிணறு, அப்புறம் ஈரத்துணி மாற்றிக்கொண்டு சாமி. ஈரத்துணியோடு சன்னதிக்குப் போக முடியாது. மாற்றுத்துணிப் பையை யாராவது ஒருவர் நனையாமல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அங்கே போய்ச் சண்டை வந்தது. செல்பேசி உள்ளே அனுமதி இல்லை.

அம்மா அப்பாவுக்கு 22 கிணறும் வேண்டாம் என்பேன். கல் தளம் முழுக்க ஈரம், கூட்டம் தள்ளும். வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். கடலில் குளித்துவிட்டுத் தரிசனத்துக்குப் போனால் போதும்.

மூன்றாம் பிராகாரத்தைச் சுற்றாமல் வந்துவிடாதீர்கள். 1212 தூண். பிள்ளைகளை ஒரு மூலையில் நிறுத்தி அடுத்த மூலை தெரிகிறதா என்று கேளுங்கள். நம் மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் நின்றால் தூண்கள் சுற்றிலும் சூழ்ந்து நிற்கும். இங்கே இரண்டு வரிசையாக நேரே ஓடிக் கண்ணுக்கெட்டாமல் போய்விடும். எனக்கு இரண்டும் வேண்டும்.


2025 ஜூன் 16

நேற்று எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். என் மாமியாருக்கு வயது 74. கோபித்துக்கொண்டார். "நீ யாருடி வேண்டாங்கிறதுக்கு? அந்தத் தண்ணிக்காகத்தான வயசான காலத்துல அங்க போறோம். உனக்குப் பறவை, எனக்குக் கிணறு."

அத்தை சொன்னது மனதில் நின்றுவிட்டது. அதனால் மாற்றி எழுதுகிறேன். பெரியவர்களைக் கேளுங்கள். கிணறு வேண்டும் என்றால் அன்றைக்கு அதுதான் அவர்களுக்குத் தீவு, மற்றதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு இளவட்டம் கூடவே போகட்டும், அதிகாலையில் கூட்டம் குறைவாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அத்தை 22ம் முடித்தார், 2022ல். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு ருசி என்று வரிசையாகச் சொல்வார். மணலுக்குள் நல்ல தண்ணீரும் உப்பும் கலக்கும் அளவு இடத்துக்கு இடம் மாறும்தானே என்று நான் சொல்ல, "அதைத்தான் நானும் சொல்றேன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம்" என்றார்.


2025 ஜூலை 6

குருசடைத் தீவு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதைத் தனியாக எழுதத்தான் இருந்தேன்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 குட்டித் தீவுகள். 1986ல் கடல் தேசியப் பூங்கா, 1989ல் உயிர்க்கோளக் காப்பகம். இரண்டு தீவு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், தண்ணீருக்குள் போய்விட்டன. பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோனது பெரிய காரணம். அலையைத் தடுக்கும் பாறை போனால் மணல் எத்தனை நாள் நிற்கும்? தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு அப்படித்தான் தேய்ந்துகொண்டே வந்தது, இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கி நிறுத்திவைக்கப் பார்க்கிறார்கள்.

பெரும்பாலான தீவுகளில் கால் வைக்கவே கூடாது. குருசடைக்கு மட்டும் பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் கூட்டிப்போகிறார்கள். கடல் ஆராய்ச்சிக்காரர்கள் நூறு வருஷமாக வந்து போகும் இடம் அது. முதுகெலும்பு உள்ள உயிர்களுக்கும் இல்லாத உயிர்களுக்கும் நடுவில் வைத்துப் பாடப்புத்தகத்தில் படித்த பலனோகிளாசஸ் என்ற புழு வாழும் மணல் இங்கேதான் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் இப்போது போகாதீர்கள். ஜூலை, கச்சான் உச்சம், தெற்குக் கடல். காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் ஒருமுறை ஜூனில் போய் இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினோம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை போனால் தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரியும்.

அன்று படகு இல்லை என்றானதும் குந்துகாலிலேயே உட்கார்ந்துவிட்டோம், அது வீணாகவில்லை. விவேகானந்தர் மேலை நாட்டிலிருந்து திரும்பி 1897 ஜனவரி 26ல் கரையேறிய இடம் அது. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வந்து வரவேற்றார். நினைவு மண்டபம் இருக்கிறது, கூட்டமே கிடையாது. பக்கத்தில் சின்னப்பாலம் என்ற ஊர். பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பறித்து வருவார்கள். நம் பலூடாவில் போடும் அகர்அகர் அப்படிப் பறித்த பாசியிலிருந்து வருவதுதான். அதில் ஒரு அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மாதத்தில் இத்தனை நாள்தான் பறிப்பது, பாசி வளர விட வேண்டும் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்களாம். அவர் விரல் நுனிகளைப் பார்த்த என் மகள் வீடு வரும்வரை பேசவில்லை. அந்த மௌனத்துக்காகவே அன்றைய பயணம் எனக்குப் பெரியது.


2025 ஜூலை 6, சேர்க்கை

படகுச் சவாரிதான் வேண்டும், கச்சான் மாதத்திலும் வேண்டும் என்றால் தொண்டிக்குப் பக்கம் காரங்காடு. அது வடக்குக் கடல். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. தீவு கிடையாது, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.


2025 ஜூலை 20

தம்பியின் மச்சானே நேரடியாக வந்துவிட்டார்! "அந்தமான் போய்ப் பார்த்துட்டுப் பேசுங்க மேடம்" என்கிறார். போயிருக்கிறேன் அண்ணா, 2018 ஜனவரியில். அழகு, மறுக்கவே மாட்டேன். செல்லுலர் சிறையில் மாலை ஒலி ஒளிக் காட்சியைத் தமிழர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். எதிரே ராஸ் தீவு (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) அரை நாள் போதும், பிரிட்டிஷ் வீடுகளை ஆலமர வேர் பின்னிப் பிடித்திருக்கும். பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு விடிகாலையிலேயே ஜிர்காடாங்கில் வரிசையில் நிற்க வேண்டும். ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழி என்பதால் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்துத்தான் விடுகிறார்கள், நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. அந்தச் சாலையில் போனது சரியா என்று இன்னும் எனக்குள் கேள்வி இருக்கிறது. திரும்பப் போனால் அந்தக் குகையை விட்டுவிடுவேன்.

ஆனால் அந்தமானுக்கு மதுரையிலிருந்து யாரும் ஒருநாள் பயணம் போவதில்லை. ஒப்பிடுவதென்றால் இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கும் நெடுந்தீவோடு ஒப்பிடலாம்.

2024 செப்டம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனோம், சுமார் 4 மணி நேரம். (2023 அக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. காற்று மழை மாதங்களில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.) யாழ்ப்பாணத்தில் தங்கி, காலையில் பஸ். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலுக்கு நடுவே தரைப்பாலம், சன்னலின் இருபுறமும் தண்ணீர், எனக்குப் பாம்பன் நினைவு வந்து தொண்டை அடைத்தது. குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால் கால் மணி, இருபது நிமிடத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன். அதே குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், மேயும் காட்டுக் குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டையின் மிச்சம், உள்ளே நாலு பேர் நிற்கலாம் போல் பொந்து விழுந்த ஒரு பெருக்குமரம். பிற்பகலில் கடைசிப் படகு கிளம்பிவிடும், அதனால் எல்லோரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். படகில் பக்கத்தில் இருந்த அம்மா "மதுரையோ? மீனாட்சி அம்மன் ஊரோ?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். போட் மெயில் நின்றது முதல் அவருடைய அம்மா இந்தியா வரவே இல்லையாம்.

கச்சத்தீவு கேட்டவருக்கு: சுற்றுலாவாகப் போக முடியாது. அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும், பிப்ரவரி மார்ச் வாக்கில், முன்பதிவு செய்தவர்களை ராமேஸ்வரத்திலிருந்து படகில் அனுப்புவார்கள். குடிதண்ணீர்கூட இல்லாத தீவு அது, கையோடு கொண்டுபோக வேண்டும்.


2025 ஆகஸ்ட் 3

வேனா ரயிலா என்ற கேள்விக்கு: பத்துப் பேருக்குக் கீழ் என்றால் ரயில். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டி நின்றுபோனதிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் இறங்க வேண்டியிருந்தது. இந்த ஏப்ரல் 6ல் புதிய பாலம் திறந்த பிறகு மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. காலை ஏழு மணி வாக்கில் மதுரையில் ஏறினால் பதினொன்றுக்குள் அங்கே, மாலை ஆறு மணி வாக்கில் திரும்பும் வண்டி. ஏறக்குறைய ஏழு மணி நேரம் தீவில். கோயிலும் தனுஷ்கோடியும் மட்டும் பார்க்கலாம், ஆனால் கோயிலை மதியம் சாத்துவதை மறக்காதீர்கள். இறங்கியதும் நேரே தனுஷ்கோடி, 3 மணிக்கு மேல் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிக்கு மாலையில் போனால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இருட்டிய பிறகு அங்கே யாரையும் விடுவதில்லை.

1914ல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் நெம்பித் தள்ளினால் இரண்டாகப் பிளந்து இருபக்கமும் மேலே எழும். புதியதில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் மேலே போகிறது. ரயிலில் வேகம் கூடிவிட்டது. என் மகள் பார்க்க ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டதே என்றாள். எனக்கும் ஏக்கம்தான். ஆனால் 1993ல் கண்ணை மூடிக்கொண்ட தம்பி இந்த முறை சன்னலை விட்டு நகரவில்லை.

சாலைப் பாலத்தில் (1988ல் திறந்தது) வண்டியை நடுவில் நிறுத்தி எட்டிப் பார்க்காதீர்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் அதற்கு வேறு வழி கிடையாது, தீவுக்கு ஒரே சாலைதான்.


2026 பிப்ரவரி 8

தம்பி போய்வந்துவிட்டார்! எட்டு மாதம் பொறுத்திருந்து, வாடை அடங்கிய பிறகு, ஜனவரி கடைசிச் சனிக்கிழமை. பத்து இடத்தை மூன்றாக்கிவிட்டார். தங்கச்சிமடத்தில் அறை எடுத்து ஓர் இரவு தங்கியிருக்கிறார்கள். அவர் எழுதியது:

"அம்மா 22 கிணறும் முடிச்சாங்க அக்கா. நாங்க கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணிக்கு ஓரமா ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தோம். பூநாரை எண்ண ஆரம்பிச்சு சின்னவன் இருநூறுல விட்டுட்டான். அப்புறம் தெற்குப் பக்கம் கரைவலை இழுத்துட்டு இருந்தாங்க, மச்சான் போய் அவங்களோட சேந்து கயிறு பிடிச்சாரு. கை கொப்புளம். ரெண்டு பிடி நெத்திலி குடுத்தாங்க. குருசடைக்குப் போக நேரம் இல்ல."

கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். குருசடைக்கு மார்ச் வரை நேரம் இருக்கிறது தம்பி, மச்சானின் கை ஆறட்டும்.

அவர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: மணலில் தோண்டிப் பார்த்தோம், தண்ணீர் உப்பாக இருந்ததே, ஏன்? எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள், கரையிலிருந்து எத்தனை எட்டு தள்ளி என்று எழுதுங்கள். கேட்டுச் சொல்கிறேன், பெரியப்பாவுக்கு இந்த வாரம் போன் செய்ய வேண்டும்.